640 பவுண்டு போச்சு: ‘1964 அசல்’ என்று எம்ஜிபி பாகம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பணம் திரும்ப வராது என்று ஏலத் தளத்துக்காரர்கள் இன்று காலை முடிவாகச் சொல்லிவிட்டார்கள். வயிறு எரிகிறது. இன்னொருவர் மாட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கார் 1964 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இழுத்துத் திறக்கும் கதவுக் கைப்பிடி, மூன்று பேரிங் கிராங்க் (எஞ்சினின் முக்கிய அச்சு), பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் நேர்முனை பாடியோடு இணைந்தது) எல்லாம் அப்படியே இருக்கும் வண்டி. பானெட்டைத் தூக்கினால் அதே காலத்து எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர் ஜோடியும் (பெட்ரோலையும் காற்றையும் கலப்பவை) லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரும் (சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பங்கிடுவது) கண்ணில் பட வேண்டும். பழைய கார் பாகங்களுக்கென்றே உள்ள ஓர் ஏலத் தளத்தில் இரண்டும் சேர்த்து 640 பவுண்டு.

நம்ப வைத்தது எது தெரியுமா? விற்றவர் கேட்காமலே ஒரு குறையைச் சொன்னார்: “கார்புரேட்டரின் மிதவை அறை மூடியில் ஒரு திருகு மட்டும் அசல் இல்லை.” இதையே மறைக்காதவர் வேறு எதை மறைப்பார் என்று தோன்றிவிட்டது. கூடவே டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்த ‘12 64’ என்ற முத்திரையை மிக அருகில் எடுத்த படம். லூகாஸ் வாரத்தையும் வருடத்தையும் குத்தும் வழக்கம் அது. பணம் போய்விட்டது.

வந்த டிஸ்ட்ரிபியூட்டரைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பாக எண்ணின் ஓரமெல்லாம் மழுங்கி, பள்ளத்தில் கறுப்பு அழுக்கு. பக்கத்திலேயே ‘12 64’ மட்டும் பளிச். சுற்றிலும் அரம் போட்ட கீறல். சாய்த்துப் பிடித்தால் அந்த இடமே லேசாகக் குழிந்து தெரிகிறது. பழைய தேதியை அராவிவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள். உள்ளே பாயிண்ட் தகட்டைக் கழற்றினால், மின்பொறி எத்தனை டிகிரி முன்கூட்டி வரலாம் (அட்வான்ஸ்) என்பதைத் தீர்மானிக்கும் கேமில் 15 என்று இருக்கிறது. இந்த வண்டிக்கு 10தான் இருக்க வேண்டும். கிராங்கில் இது இரட்டிப்பாகும்: 20 டிகிரி அட்வான்ஸுக்குப் பதில் 30. மாட்டி ஓட்டினால் ஏற்றத்தில் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்), கடைசியில் எஞ்சின் பிஸ்டனில் ஓட்டை.

கார்புரேட்டர் அதைவிட மோசம். திராட்டில் ஸ்பிண்டில் (காற்றுத் தடுப்புத் தகட்டைத் திருப்பும் அச்சு) மேலும் கீழும் ஆடுகிறது. அந்த இடைவெளியில் காற்று புகுந்தால் கலவை மெலிந்து ஐடிலிங் சீராக இருக்காது. கார்புரேட்டரின் மேல் குவளையான டாஷ்பாட்டும் அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் ஜோடியாகப் பொருத்தி வருபவை, மாற்றிப் போடவே கூடாது. பிஸ்டன் துளைகளை அடைத்துத் தலைகீழாகப் பிடித்தால் டாஷ்பாட் 5 முதல் 7 விநாடியில் இறங்க வேண்டும். இதில் ஒன்று 2 விநாடியில் விழுகிறது, மற்றது பாதியில் சிக்குகிறது.

விற்றவரிடம் கேட்டால், “அறுபது வருடப் பொருள், அப்படித்தான் இருக்கும்.” அடுத்த முறை, “எனக்கு வந்தபோதே இப்படித்தான்.” அப்புறம் பதிலே இல்லை. தளத்துக்காரர்களோ, “படத்தில் உள்ளதே வந்திருக்கிறது, 7 நாள் கெடுவும் தாண்டிவிட்டது.” பிரித்தது ஒன்பதாம் நாள். 640 பவுண்டு!

வாங்குகிறவர்கள் தேதியும் பாக எண்ணும் ஒரே படத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் கேளுங்கள். கேம் எண்ணையும் காட்டச் சொல்லுங்கள். கார்புரேட்டரின் ஏயூடி தகட்டை (மாடல் எண் குத்திய சிறு தகடு) நம்பாதீர்கள், ஒரே திருகில் மாட்டுவது, புதிதாகவே கிடைக்கிறது. பொட்டலத்தை வந்த அன்றே பிரியுங்கள்.