லாக் நிற்காத கத்தி: சேலத்தில் மல்டி டூல் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

வலது கை ஆள்காட்டி விரலில் நான்கு தையல். பிரித்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் முழுசாக மடக்க வரவில்லை. இன்னொருவர் விரலுக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் மோட்டார், காபிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மிஷின், பைப் லைன் பார்க்கிற வேலை எனக்கு. வீடு கண்ணங்குறிச்சிப் பக்கம். தினமும் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குகிற ஆள். பைக் பெட்டியில் சாமான் எல்லாம் இருக்கும். ஆனால் சரிவில் இறங்கி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கால் மணி நேரம் நடந்து, வால்வு பக்கத்தில் குனிந்த பிறகுதான் கட்டிங் பிளேயர் வேண்டும் என்று தெரியும். திரும்ப ஏறிப் போய் எடுத்துவர அரை மணி நேரம். அதனால் குறடு, கத்தி எல்லாம் ஒன்றுக்குள் மடங்குகிற ஒரு மல்டி டூல் இடுப்பில் இருக்க வேண்டும் என்பது எனக்கு நாலைந்து வருட ஆசை.

ஆசைப்பட்டது லெதர்மேன் என்கிற அமெரிக்கக் கம்பெனியின் டூலுக்கு. 1975-ல் டிம் லெதர்மேன் தன் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றினார். வண்டி அடிக்கடி மக்கர் பண்ணியது. கையில் இருந்த பேனாக்கத்தியில் குறடு இல்லையே என்று தவித்து, அட்டையை வெட்டி மாதிரி செய்து பார்த்து, பல வருடம் போராடி 1983-ல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வால்வு பக்கத்தில் நான் படுகிற அதே அவஸ்தையில் பிறந்த பொருள். அந்தப் பெயர் மேல் இருந்த மதிப்புதான் என் கண்ணைக் கட்டிவிட்டது.

சேலம் டவுனில் ஒரு ஹார்டுவேர் கடை. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து லெதர்மேன் என்று பெயர் போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். "அசல் அமெரிக்கா ஐட்டங்க. துபாய்ல இருந்து மச்சான் கொண்டாந்தது, டூட்டி கட்டல, அதான் இந்த விலை." விலை 6,500 ரூபாய். நான் தயங்கியதைப் பார்த்து ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டினார். "எப்படி இழுக்குது பாருங்க, சுத்தமான எஃகு." நம்பினேன். ஜிபேயில் பணம் அனுப்பினேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'ஹார்டுவேர் சாமான்' என்று எழுதித் தந்தார். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கத்தி திறக்கவே கஷ்டமாக இருந்தது. நகம் பெயர்ந்துவிடும் போல இறுக்கம். மறுநாள் எடுத்துப் போனேன். "புதுசுன்னா அப்படித்தாங்க இருக்கும். நம்ம பையன் சாணை பிடிச்சு, லூஸ் பண்ணிக் குடுத்துடுவான்" என்று 350 ரூபாய் வாங்கிக்கொண்டு பட்டறைக்கு அனுப்பினார். சாயங்காலம் கைக்கு வந்தபோது கட்டை விரலால் தொட்டாலே திறந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

மார்கழி, பழம் பறிப்பு உச்சத்தில் இருந்த நேரம். பல்பருக்குத் தண்ணீர் போகிற ஹோஸ் ஒன்று நுனியில் பிளந்துவிட்டது. பிளந்த பகுதியை அறுத்து எடுக்கக் கத்தியை இறக்கினேன். பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்க மேல் பக்கமாக நெம்பினேன். லாக் விட்டு, கத்தி அப்படியே மடங்கி விரல் மேல் விழுந்தது. எலும்பு தெரிந்தது. கூட இருந்த அக்கா தன் துண்டைக் கிழித்துக் கட்டி, ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கத்தியைத் திறந்ததும் பக்கத்தில் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று உள்பக்கம் நகர்ந்து, கத்தியின் அடிப்பாகத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும். லைனர் லாக் என்பது அதுதான். அந்தத் தகடும் கத்தியின் அடிப்பாகமும் முகத்துக்கு முகம் உட்கார வேண்டும். பட்டறையில் 'லூஸ்' பண்ணியவர் அந்த அடிப்பாகத்தையே கிரைண்டரில் தேய்த்திருக்கிறார். தகடு விளிம்பில் ஒரு மயிரிழைதான் பிடித்திருக்கிறது. வெட்டுகிற திசையில் அழுத்தும்போது தெரியாது. எதிர்த் திசையில் கொஞ்சம் பலம் போனால் போச்சு. கத்தி முனையிலும் நீலம் பாய்ந்திருந்தது. தண்ணீர் காட்டாமல் காய்ந்த சக்கரத்தில் வைத்துத் தேய்த்ததில் சூடேறி, அந்த இடத்துப் பதம் போய்விட்டது.

டூலே அசல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. என் பெரியப்பா சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காந்தக் கதையைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காந்தம் ஆணியிலயும்தான்டா ஒட்டும்!" கத்திக்குப் போடுகிற 420 வகை ஸ்டெயின்லெஸ் எஃகில் காந்தம் ஒட்டும், பாத்திரத்துக்குப் போடுகிற 304-ல் சாதாரணமாக ஒட்டாது, ஆனால் மட்டமான இரும்பிலும் ஒட்டும், அதை வைத்து அசலா போலியா என்று ஒருநாளும் சொல்ல முடியாது என்றார். எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் குறட்டின் வாயில் அரத்தை ஒரு இழுப்பு இழுத்தார். நல்ல பதம் ஏற்றிய எஃகில் அரம் வழுக்கும், லேசாகத்தான் கடிக்கும். இதில் பித்தளையைத் தேய்ப்பது போல் பொடி கொட்டியது. மேலே இருந்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஆழம் மாறி இருந்தது.

அசலுக்கு அந்தக் கம்பெனி 25 வருட உத்தரவாதம் தருகிறது. ஆனால் வாங்கியவர் கை வைத்து உருமாற்றினால் அது செல்லாது. ஆகவே அசலாகவே இருந்திருந்தாலும், அந்த 350 ரூபாய் வேலை என் உத்தரவாதத்தையும் சேர்த்துத் தேய்த்திருக்கும்.

கடையில் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கத்தியைத் திறந்து, விரல்களை மடங்குகிற வழியிலிருந்து முழுசாக விலக்கிக்கொண்டு, கத்தியின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அசைந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனி சேராமல் நடுவில் மட்டும் முட்டினால் சின்ன கம்பியைக்கூடப் பிடிக்காது. திறக்க இறுக்கமாக இருந்தால் உலோகத்தைத் தேய்க்கத் தேவையே இல்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷால் கழுவி, நன்றாகக் காயவைத்து, மூட்டில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, டிவி பார்த்துக்கொண்டே நூறு தடவை திறந்து மூடினால் இளகிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்காகிவிடும். கூர் மழுங்கினால் தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் கையால் தீட்டுங்கள். ஏற்காட்டுப் பனிக்கு ஸ்டெயின்லெஸ்ஸும் துருப்பிடிக்கும், ராத்திரி துடைத்து வைக்க வேண்டும். இன்னொன்று: இந்த டூல்களின் கைப்பிடி வெறும் உலோகம். கரண்ட் ஓடுகிற ஒயரில் வைக்கவே வைக்காதீர்கள்.

விரல் ஆறுவதற்குள் இரண்டு தடவை கடைக்குப் போய்விட்டேன். "நீங்கதானே லூஸ் பண்ணச் சொன்னீங்க" என்றார் முதல் தடவை. இரண்டாம் தடவை 2,000 ரூபாய் தருகிறேன், டூலைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். கொடுக்கவில்லை. டூல் கையில் இருந்தால்தான் அது சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசினேன். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, மருத்துவச் சீட்டு மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. அடுத்த வாரம் மனு எழுதிக் கொடுக்கப் போகிறேன். அது முடியும்வரை கடையின் பெயரை இங்கே போடவில்லை.

நேற்று சாயங்காலம் அந்த வழியாகத்தான் வந்தேன். கண்ணாடிப் பெட்டியில் அதே மாதிரி இன்னும் இரண்டு இருக்கிறது. பக்கத்திலேயே அந்தக் காந்தமும்.