சங்குகளை உயிரோடு காட்டும் ஸ்நார்கெலிங் சேவை

பவளப்பாறைகளுக்கு அழைத்துச் செல்லும் ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் அணிந்து நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) சேவைகளில் பெரும்பாலானவை வண்ண மீன்களைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. நான் சென்றுவந்த சேவை சங்கு, சோழி போன்ற கடல் நத்தைகளைக் காட்டுவதற்கென்றே நடத்தப்படுவது. வேகமாக நீந்தத் தெரிந்திருப்பதால் இங்கு ஒரு பயனும் இல்லை. கால்களை அசைத்து மணலைக் கலக்கிவிடாமல், ஆழம் குறைந்த நீரில் குப்புற மிதந்தபடி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமைதான் வேண்டும்.

எதையும் தொடக்கூடாது, வெற்றுச் சங்கைக்கூட எடுக்கக்கூடாது என்று வழிகாட்டி முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். வெறுமையாகத் தோன்றும் சங்குக்குள் துறவி நண்டு குடியிருக்கலாம். கூம்புச் சங்கு வகைகளில் சிலவற்றின் நச்சு மனிதரையே கொல்லக்கூடியது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. டிரைட்டன் சங்கு இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்படுகிறது. கரீபியக் கடலின் ராணிச் சங்கு 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

கண்ணாடிப் பேழையில் கிடக்கும் ஓட்டில் பார்க்க முடியாதவற்றை இங்கே பார்க்கலாம் என்பதே இந்தச் சேவையின் பெருமை. உயிருள்ள சோழியைக் கண்டவுடன் அது சோழி என்றே தோன்றாது. மேன்டில் என்னும் மெல்லிய சதைப் போர்வை இருபுறமிருந்தும் எழுந்து ஓட்டை மூடியிருக்கும். எங்கள் நிழல் விழுந்ததும் அப்போர்வை மெல்லப் பின்வாங்க, நடுவில் பளபளப்பான ஓடு வெளிப்பட்டது. அந்தப் பளபளப்பு யாரும் மெருகேற்றி வந்ததன்று, அந்தப் போர்வையே தந்தது. ஐவிரல் சங்கு இன்னும் வேடிக்கையானது. ஓட்டின் விளிம்புக்கடியிலிருந்து காம்பு போன்ற இரண்டு கண்களை நீட்டி நம்மைக் கவனிக்கிறது. பின்னர் தன் காலோடு ஒட்டியிருக்கும் அரிவாள் வடிவ மூடியை மணலில் ஊன்றுகோல்போல் குத்தி, ஒரு உந்து உந்தி நகர்கிறது. நத்தை என்றால் ஊர்வது என்று நினைத்திருந்த எங்கள் குழுவில் பலர் நீருக்குள்ளேயே சிரித்துவிட்டனர் (மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எளிதன்று).

விளம்பரப் படத்தில் பெரிதாகக் காட்டப்படும் டிரைட்டனைப் பார்க்க முடியவில்லை. பவளத்தைத் தின்னும் முள்கிரீட நட்சத்திர மீனையே இரையாக்கும் அந்தச் சங்கு பெரும்பாலும் இரவில்தான் நடமாடும். பகல் பயணத்துக்கு அதன் படத்தைப் போடுவது முறையன்று.

அதைவிட உறுத்தியது வேறொன்று. நீருக்குள் இவ்வளவு கண்டிப்பு காட்டும் இவர்கள், தங்கள் அலுவலக முகப்பிலேயே சோழிச் சாவிக்கொத்துகளை விற்கிறார்கள். அவற்றை அகற்றும்படி கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாடகைக்குத் தரும் மாஸ்க்குகளும் பழையவை, ஓரங்களில் நீர் கசிகிறது; முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் வைத்திருப்பவர்கள் அதையே கொண்டுசெல்வது நல்லது. வழிகாட்டியின் கூர்மையான பார்வைக்காக மட்டுமே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.