‘வாழ்நாள் சந்தா’ என்று காசு கட்டப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்கோ

யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு லோகோ, இணையத்தள வடிவமைப்பு என்று தனியாகத் தொழில் செய்கிறேன். வாடிக்கையாளரில் பாதிப் பேர் இந்தச் சுற்றுவட்டாரக் கடைக்காரர், மீதி லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் எங்கட ஆட்கள். இன்வொய்ஸ் அனுப்ப என்று ஒரு மென்பொருளை வாங்கி நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

2023இல் ஃபேஸ்புக்கில் விளம்பரம் வந்தது. மாதம் 19 டொலர் கட்டத் தேவையில்லை, ஒரே தரம் 149 கட்டினால் வாழ்நாள் முழுக்கப் பாவிக்கலாம், இன்னும் 2 மணித்தியாலம்தான் இருக்கு என்று கீழே ஒரு மணிக்கூடு வேறு ஓடிக்கொண்டிருந்தது. (அடுத்த நாளும் அது அதே 2 மணித்தியாலத்தில் இருந்துதான் ஓடியது. காட் இலக்கம் கொடுத்த பிறகுதான் பார்த்தேன்.) டொலர் 300 ரூபாவில் நிற்கும்போது மாதாமாதம் கட்டுவதை விட இது லாபம் என்று கணக்குப் பார்த்து, நாற்பத்தைந்தாயிரம் அளவில் கட்டினேன்.

முதல் தலையிடி எழுத்து. தமிழில் கேட்ட ஒரு கடைக்கு இன்வொய்ஸ் போட்டால், திரையில் ஒழுங்காக இருந்த ‘கொக்குவில்’ பிடிஎஃப் ஆனதும் கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம், நடுவில் புள்ளி வைத்த வட்டம். கடைக்கார அண்ணை வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, உம்மட கொம்பியூட்டருக்கு வாதம் வந்திட்டுதோ?” என்றார். லோகோ வரைகிறவனுக்கு இதை விட வேறென்ன வெட்கக்கேடு வேணும்.

அப்புறம் காசு வாங்கும் பொத்தான். அது பேபால், ஸ்ட்ரைப் என்ற இணையக் காசுச் சேவை இரண்டோடு மட்டும்தான் வேலை செய்யும். இலங்கையில் பேபாலில் காசு அனுப்பலாம், வாங்க ஏலாது. ஸ்ட்ரைப் இங்கே இல்லவே இல்லை. நாங்கள் எல்லாரும் பேயோனியரிலும் வங்கிக் கணக்கிலும்தானே வாங்குகிறோம். இதைக் கேட்காமல் கட்டியது என்னுடைய பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் பொறுத்திருப்பேன். 2025 நவம்பர் நடுப்பகுதியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய திட்டத்தை நிறுத்திவிட்டார்களாம், ‘வாழ்நாள்’ என்றால் அந்தப் பதிப்பின் வாழ்நாளாம், இனி மாதம் 29 டொலராம். உள்ளே போனால் இன்வொய்ஸ் எல்லாம் கண்ணுக்குத் தெரியுது, டவுண்லோட் பொத்தான் மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்குது. வரிப் படிவம் நவம்பர் 30க்குள் கொடுக்க வேணும். வெளிநாட்டு ஆட்களுக்கு வேலை செய்து வாங்கும் காசுக்கு முந்தி வரிவிலக்கு இருந்தது, 2025 ஏப்ரலில் இருந்து அதற்கும் உச்சமாக 15 வீதம் வரி, ஆகவே எது உள்ளூர்க் காசு, எது வெளியூர்க் காசு, எது ஏப்ரலுக்கு முன், எது பின் என்று பிரிக்காமல் ஒன்றும் நகராது. அந்தத் திகதிகள் எல்லாம் அவர்களிடம் பூட்டிக் கிடந்தன.

மூன்று இரவு தங்கச்சி திரையைப் பார்த்து வாசிக்க, நான் எக்செல்லில் தட்டினேன். 212 இன்வொய்ஸ். “அண்ணா, இது 4ஆ 9ஆ?” என்று அவள் கேட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை.

அதோடும் விடவில்லை. டிசம்பரில் கேட்காமலே காட்டில் 29 டொலர் வெட்டினார்கள். வங்கிக்குப் போனால், “காட் இலக்கம் நீங்கள்தானே குடுத்தனீங்கள்?” என்று கேட்டுவிட்டு ஒரு முறைப்பாட்டுப் படிவம் தந்தார்கள். அந்த மென்பொருள்காரரின் நிபந்தனைகளின் 14ஆம் பந்தியில் எல்லாம் எழுதித்தான் இருந்ததாம். அந்தக் காட்டையே நிறுத்திப் புதிது எடுத்தேன். காசு இன்னும் வரவில்லை.

இப்ப கூகிள் சீட்டில் கணக்கு, லிப்ரே ஒஃபிஸில் இன்வொய்ஸ், தமிழும் உடையாமல் வருது. வேறு எதையாவது பரீட்சித்தால், உண்மையான வாடிக்கையாளர் ஒருவரைக்கூட ஏற்ற முன்னம், பொய் இன்வொய்ஸ் மூன்று போட்டு, அதில் ஒன்றைத் தமிழ்ப் பெயரில் போட்டு, எல்லாவற்றையும் சிஎஸ்வி என்ற சாதாரண அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்து எக்செல்லில் திறந்து பார்க்கிறேன். திகதியும் தொகையும் அப்படியே வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. சந்தாவுக்கென்று தனியாக ஒரு காட், அதில் தேவையான காசு மட்டும்தான் கிடக்கும்.

போன கிழமை அதே விளம்பரம் திரும்ப வந்தது. பெயர் புதிது, லோகோ புதிது, கீழே அதே 2 மணித்தியால மணிக்கூடு. இப்படி ‘வாழ்நாள்’ என்று கட்டின ஆட்கள் யாராவது இருந்து, உங்களுக்கு டவுண்லோட் பொத்தான் இன்னும் வேலை செய்யுது என்றால், இண்டைக்கு இரவே ஒவ்வொன்றாக இறக்கி வையுங்கோ.