சத்தம் தாங்காத பிள்ளைக்கு இயர் மஃப்: வாங்கலாமா?

ஆட்டிசம் உள்ள எங்கள் ஆறு வயது மகனுக்காக வாங்கிய, குழந்தைகளுக்கான இயர் மஃப் பற்றியது இம்மதிப்புரை. இது பாட்டுக் கேட்கும் ஹெட்போன் அல்ல; பேட்டரியோ புளூடூத்தோ இதில் கிடையாது. நுரைப்பஞ்சு அடைத்த இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள், காதைச் சுற்றிப் படியும் மெத்தை, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தலைப்பட்டை, அவ்வளவுதான். விலை ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கொடுத்த பணத்துக்குத் தகுந்த பொருள் என்பதே என் கருத்து. ஆனால் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இரைச்சலை மின்னணு முறையில் குறைக்கும் விலையுயர்ந்த ஹெட்போன்களையும் பலர் பரிந்துரைக்கின்றனர். அவை வரும் ஒலிக்கு எதிரான அலையை உருவாக்கி அதை மட்டுப்படுத்துபவை என்பதால், ஏசி, ரயில் எஞ்சின் போன்ற ஒரே சீரான இரைச்சலுக்கு மிகவும் பொருத்தமானவை. எங்கள் மகனைக் கலங்கடிப்பவையோ திடீரென்று எழும் குக்கர் விசில், மிக்ஸி, பேருந்தின் ஏர்ஹாரன் ஆகியவை. இவை பெரும்பாலும் உயர்ந்த சுருதி கொண்ட ஒலிகள்; சாதாரண இயர் மஃப் இவற்றை நன்றாகவே தடுக்கிறது. தவில், உறுமி, மண்டபத்து ஸ்பீக்கரின் பேஸ் போன்ற தாழ்ந்த ஒலிகளை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. ஆகையால் கெட்டிமேளம் முழங்கும்போது இதை மாட்டிவிட்டு மேடைக்கு அருகிலேயே பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று எண்ண வேண்டாம். கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டால் முகூர்த்தம் முடியும் வரை இருந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே திரும்பலாம். தாலி கட்டுவதற்கு முன்பே மண்டபத்தை விட்டு வெளியேறிப் பழகிய எங்களுக்கு அது சிறிய விஷயமல்ல.

பெட்டியில் 25 டெசிபல் குறையும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது ஆய்வகத்தில் கச்சிதமாக மாட்டி அளந்த கணக்கு. நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். கண்ணாடிக் காம்பு, ஜிமிக்கி, காதோரம் இறங்கும் பின்னல் என்று மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே எது புகுந்தாலும் அந்த இடைவெளி வழியே ஒலி நுழைந்துவிடும். பெண் குழந்தை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை ஒலி எழுப்பும் பட்டாசுகளை நம் நாட்டு விதிகள் அனுமதிக்கின்றன. அதில் 25ஐ முழுதாகக் கழித்தாலும் மீதி 100 இருக்கிறது! தீபாவளிக்கு இயர் மஃப் மட்டும் போதாது. ஜன்னலை அடைத்த உள்ளறையும் வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. நாள் முழுவதும் இதை மாட்டியே வைத்திருந்தால் காது அமைதிக்குப் பழகி, சாதாரண ஒலிகூடப் பெரிதாகத் தோன்றத் தொடங்கலாம் என்று செவியியல் வல்லுநர்கள் கூறுகின்றனர். எனவே வீட்டில் அதைக் கழற்றி, அவனுடைய கைக்கு எட்டும் கொக்கியில் தொங்கவிடுகிறோம். எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது என்பதைப் பெரும்பாலும் அவனே முடிவு செய்கிறான். மிக்ஸி போடுவதற்கு முன் சொல்லிவிட்டால், தானே எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, சில நாட்களில் சுவிட்சையும் தானே போடுகிறான். தான் எழுப்பும் ஒலி அவனை அவ்வளவாக வருத்துவதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கும் இது தெரிந்த விஷயம்தான். சாலையில் இதை மாட்டியிருக்கும்போது வண்டிச் சத்தம் சரியாகக் கேட்காது என்பதால், அங்கே மட்டும் கையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும்.

கண்ணில் படும்படி மாட்டும் பொருள் என்பதால் கேள்விகளும் வரும். ஒரு திருமணத்தில் உறவுக்காரப் பெரியம்மா, “பிள்ளைக்குக் காது கேக்காதாம்மா?” என்று கேட்டார். “நல்லாக் கேக்கும் பெரியம்மா, சத்தம் கூடினாத்தான் தாங்க மாட்டான்” என்றேன். அதன் பிறகு ஸ்பீக்கர் ஒலியைக் குறைக்கும்படி மண்டபத்துக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தவர் அவரே. குனிந்த தலையோடு விளக்குவதைவிட இப்படி ஒரு வரியில் நிமிர்ந்து சொல்லிவிடுவது எளிது என்பது என் அனுபவம். பள்ளியில் இதை மாட்டிக்கொள்ள அனுமதி மறுத்தால் தயங்காமல் எழுத்துமூலம் கேளுங்கள்: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, மாணவரின் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்து தருவதை அச்சட்டம் கல்வி நிறுவனங்களின் கடமையாக்கியிருக்கிறது.

பெரிய குறை வியர்வைதான். சித்திரை வெயிலில் அரைமணி நேரத்துக்குள் மெத்தை நனைந்து பிசுபிசுக்கிறது. பழைய பருத்தித் துணியில் உறை தைத்துப் பார்த்தேன். வியர்வை குறைந்தது, ஆனால் ஒலி சற்றுக் கூடுதலாக உள்ளே வந்தது. ஹார்டுவேர் கடைகளில் தொழிலாளர்களுக்கென்று விற்கும் இயர் மஃப் விலை மலிவு என்றாலும், பெரியவர்கள் தலைக்கான அளவு, இறுக்கமும் அதிகம். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். மெத்தையைத் தனியாக மாற்றக்கூடிய மாடலாகவும், திருப்பித்தரும் வசதி உள்ள இடத்திலும் வாங்குங்கள். தலையில் எதுவும் படுவதையே பொறுக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.