கம்பஸ் பிள்ளையளைச் சேர்க்க எங்கட ஒபன் சோர்ஸ் ப்ரொஜெக்ட்டைத் தயாராக்கினது - நாலு வருஷ அனுபவம்

பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்டில கிடக்கிற டொகியுமென்ட்களை, இப்ப எல்லா இடமும் பாவிக்கிற யூனிகோடுக்கு மாத்திற ஒரு சின்ன டூல் செய்யிறம், ஒபன் சோர்ஸ் எண்டபடியா கோட்டை ஆரும் பாத்துத் திருத்தலாம், வெள்ளவத்தைப் பக்கம் நாலு பேர், எல்லாருக்கும் பகலில வேற வேலை, இது இரவிலயும் போயா நாளிலயும் தான். நாலு வருஷமா கம்பஸ் பிள்ளையளையும் சேர்த்து மென்டரிங், அதாவது கூட இருந்து வழிகாட்டிறது, செய்து வாறம். எப்பிடித் தொடங்கிறது எண்டு ரெண்டு மூண்டு பேர் கேட்டவை, அதான் எது சரிவந்தது எது வரேல்ல எண்டு எழுதுறன்.

ஒபன் சோர்ஸ் ப்ரொஜெக்ட்டுகளில மென்டரோட வேலை செய்யிற பிள்ளையளுக்கு கூகிள் காசு குடுக்கிற ப்ரோக்ராம், கூகிள் சமர் ஒஃப் கோட், 2005ல தொடங்கினது, மொறட்டுவைக் கம்பஸ் பிள்ளையள் கன வருஷமா அதில உலகத்திலயே கூடின எண்ணிக்கையில தெரிவானவை, 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில எழுதத் தொடங்கின அனர்த்த நிவாரண சொஃப்ட்வெயர் சஹானாவும் அதில மென்டரிங் செய்தது. அதில சேருற ப்ரொஜெக்ட்டுகள் பிள்ளையள் செய்யக்கூடிய வேலைகளை ஐடியா லிஸ்ட் எண்டு போடுறவை, அதனால எங்களுக்கும் தயாராகிறது எண்டா முதல்ல அந்த லிஸ்ட் எழுதிறது எண்டு தான் மண்டைக்குள்ள இருந்தது. நல்ல வடிவா பன்னிரண்டு ஐடியா எழுதிப் போட்டம். முதல் வந்த தம்பி மூண்டு நாளில ஒரு சத்தமும் இல்லாமல் போயிட்டார்.

ஒரு மாசம் கழிச்சு நானே மெசேஜ் போட்டுக் கேட்டன், "அண்ணா, இன்ஸ்டோல் பண்ணவே ஏலாமப் போச்சு, எனக்குத் தான் விளங்கேல்லையாக்கும் எண்டு விட்டிட்டன்" எண்டார். அவரிட்ட இருந்தது நாலு ஜிபி ரம் உள்ள விண்டோஸ் லப்டொப், எங்கட இன்ஸ்டோல் கைட் முழுக்க லினக்ஸுக்கு எழுதினது. அந்தப் பிள்ளை பிழை தன்னில எண்டு நினைச்சது எனக்கு இண்டைக்கும் மனசில கிடக்கு.

பிறகு ஒரு ஞாயிறு மச்சாளின்ர மகளைக் கூப்பிட்டு, அவளின்ர லப்டொப்பிலயே கைட்டைப் பாத்துச் செய்யச் சொல்லிப் பக்கத்தில இருந்தன், வாய் திறக்கிறேல்ல எண்டு முடிவு, அவள் நிண்ட இடமெல்லாம் கொப்பியில எழுதினன், பதினொரு இடம். பைத்தன் வேர்ஷன், ஃபைல் பாத்தில (path) இடைவெளி, இந்தக் கொமாண்டை எந்த ஃபோல்டருக்குள்ள நிண்டு அடிக்கிறது எண்டு எங்கயும் சொல்லாதது, இப்பிடி. அதெல்லாத்தையும் தமிழில திருத்தி எழுதினம், கடைசியில "இந்த லைன் வந்தா உங்கட செட்டப் சரி" எண்டு ஒரு ஸ்கிரீன்ஷொட்டும் போட்டம். இந்த நாலு வருஷத்தில செய்ததில இதை விடப் பிரயோசனமான வேலை இல்லை, ஐடியா லிஸ்ட்டை விடப் பல மடங்கு.

அடுத்தது இஷ்யூ, அதாவது செய்யவேண்டிய திருத்தத்தைப் பொது லிஸ்ட்டில எழுதிப் போடிறது. புதுசா வாறவைக்கு ஏத்த வேலை எண்டு "குட் ஃபெர்ஸ்ட் இஷ்யூ" லேபிளை ஒட்டிவிட்டாப் போதாது. எங்களிட்ட ஒண்டு இருந்தது, "ஔகாரம் பிழையா வருது, சரிசெய்யவும்", அவ்வளவு தான், அஞ்சு மாசம் ஒருத்தரும் தொடேல்ல. விசயம் என்னெண்டா பாமினியில ஒற்றைக் கொம்பை (ெ) முதல் அடிச்சிட்டுத் தான் எழுத்தை அடிக்கிறது, யூனிகோடில எழுத்து முதல், கொம்பு பிறகு. அதோட ஔகாரத்துக்கு வாற கடைசிக் குறியும் ள எழுத்தும் பாமினியில ஒரே கீ. அதனால எங்கட டூல், கொம்பு போட்ட எழுத்துக்குப் பிறகு ள வந்தா அதை ஔகாரம் எண்டு எடுத்து, வெள்ளவத்தையை வௌ்ளவத்தை எண்டும் வெளிநாட்டை வௌிநாடு எண்டும் மாத்திக்கொண்டிருந்தது, எங்கட நியூஸ் சைட்டுகளிலயும் இந்தப் பிழையைக் கண்டிருப்பியள். இஷ்யூவைத் திருப்பி எழுதினம்: குடுத்தது இது, வந்தது இது, வரவேண்டியது இது, இந்த ஃபைலில இந்த ஃபங்ஷன், இந்த டெஸ்ட் ஃபைலில ஒரு லைன் சேர்க்கோணும். ரெண்டாம் நாள் செக்கண்ட் இயர் தங்கச்சி ஒராள் எடுத்திட்டா.

அவ முதல் அனுப்பின புல் ரிக்வெஸ்ட், அதாவது தான் திருத்தின கோட்டைச் சேர்க்கச் சொல்லி அனுப்பிறது, வெள்ளவத்தையைச் சரியாக்கிச்சு, ஆனா கௌரவம் கெளரவம் ஆயிட்டுது. நான் விடையைச் சொல்லாமல், ள வந்த பிறகு என்ன வருது எண்டு பாருங்கோ எண்டு மட்டும் எழுதினன். பின்னேரமே பதில்: "அண்ணா, புள்ளியோ விசிறியோ (ி) வந்தா அது ள தான், அப்ப ஔ வராது". அதோட விடாமல் வௌவால் தொடக்கம் அறுபது சொல் சேர்த்து டெஸ்டும் எழுதி அனுப்பினா. இப்ப அந்தப் பகுதிக்கு மென்டர் அவ தான்.

பதில் போடிற நேரமும் முக்கியம். முதல் புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு கிழமை பதில் இல்லையெண்டா அந்தப் பிள்ளை திரும்ப வராது, நாங்கள் கண்டது அது. இப்ப 24 மணித்தியாலத்துக்குள்ள ஒரு வரியாவது போடிறம், "கண்டனான், சனிக்கிழமை வடிவாப் பாக்கிறன்" எண்டாலும் காணும். "சேர், ஒரு சின்னச் சந்தேகம்" எண்டு தனி மெசேஜில தான் எல்லாரும் வருவினம், பொதுவில கேக்க வெக்கம். திட்டாமல், கேள்வியை நாங்களே பேர் போடாமல் பொது இடத்தில போட்டு அங்கயே பதில் சொல்லுவம், ரெண்டு மாசத்தில அவையே அங்க கேக்கத் தொடங்குவினம்.

ஒரு பிள்ளைக்கு ரெண்டு மென்டர் கட்டாயம். 2022 பங்குனி, சித்திரையில கரண்ட் கட் ஒரு நாள் 13 மணித்தியாலம் வரைக்கும் போனது, என்ர ஏரியாவில கரண்ட் இருந்தா பிள்ளையின்ர ஏரியாவில இல்லை. சூம் மீட்டிங்கை விட்டிட்டு, செய்தது என்ன, நிண்டது எங்க எண்டு கிழமைக்கு ரெண்டு தரம் எழுதிப் போடச் சொன்னம். கரண்ட் வந்த பிறகும் அதை மாத்தேல்ல, எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிஞ்சிடுது. எக்ஸாம் டேட்டையும் முதலே கேட்டு வையுங்கோ, கூகிள் சமர் ஒஃப் கோட் மாதிரிப் பெரிய ப்ரோக்ராமுகள் வெளிநாட்டு சமர் லீவைப் பாத்துப் போட்டது, இங்க அந்த நேரம் செமஸ்டர் நடக்கும்.

ஒவ்வொரு ஒக்டோபரும் ஒபன் சோர்ஸுக்குப் புல் ரிக்வெஸ்ட் அனுப்ப ஊக்கப்படுத்திற ஹக்டோபர்ஃபெஸ்டிலயும் ஒரு வருஷம் சேர்ந்தனாங்கள். 2020ல குப்பை புல் ரிக்வெஸ்ட் கூடிப் போய், விரும்பின ப்ரொஜெக்ட் மட்டும் சேரலாம் எண்டு மாத்தினவை தானே, எண்டாலும் ரிவியூ பண்ண ஆள் காணாமல் அடுத்த வருஷம் விட்டிட்டம். நாலு பேருக்கு ஒரு நேரத்தில மூண்டு பிள்ளையள் தான் அளவு.

இன்னும் சரிவராதது மேக் செட்டப். எங்கள் ஒருத்தரிட்டயும் மேக் இல்லை, வச்சிருக்கிற ஆரும் வெள்ளவத்தைப் பக்கம் இருந்தா ஒரு ஞாயிறு வாங்கோ, பக்கத்தில கொப்பியோட இருப்பன், கைட்டில எங்க நிக்குதெண்டு பாப்பம்.