ஆறு கார்டு, 18 மாதம்: வீட்டு மாடியில் மைனிங் ரிக் ஓட்டிய அனுபவம்

திருச்சியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஆறு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து ஒரு மைனிங் ரிக், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்காக ராப்பகலாகக் கணக்குப் போடும் ஒரு கம்ப்யூட்டர், கட்டினேன். 2021 மார்ச்சில் ஓட ஆரம்பித்து 2022 செப்டம்பரில் நின்றது. கடைசி இரண்டு நாள் தவிர எத்தேரியம் என்ற கிரிப்டோவை மட்டும்தான் எடுத்தேன். அந்த ஆறில் இரண்டு கார்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. இத்தனை நாள் ஓட்டிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: ரிக் கட்டுவதில் கம்ப்யூட்டர் வேலை கால் பங்கு, வயரிங்கும் காற்றும் முக்கால் பங்கு. அதனால் அந்த முக்கால் பங்கைத்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

ஏன் 1660 சூப்பர்? எத்தேரியத்தின் அன்றைய ஈத்தாஷ் என்ற கணக்கு முறை கார்டின் கணக்குப் போடும் வேகத்தை அவ்வளவாகக் கேட்காது, மெமரியைத்தான் போட்டுப் பிழியும். டாக் என்ற பெரிய கோப்பு கார்டின் மெமரியில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ஹாஷுக்கும் (ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் ஒரு ஹாஷ்) அதிலிருந்து 64 தடவை, தடவைக்கு 128 பைட் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தாக வேண்டும். அந்தக் கோப்பு நாலைந்து நாளுக்கு ஒருமுறை 8 எம்பி வளர்ந்துகொண்டே போகும். 2020 கடைசியில் 4 ஜிபி கார்டுகள் ஒதுங்கியது அதனால்தான். 1660 சூப்பரில் 6 ஜிபி. சரியாக டியூன் செய்தால் நொடிக்கு 31 மெகாஹாஷ் (3.1 கோடி ஹாஷ்), கரண்ட் 80 வாட்டுக்குள். 3060 டிஐ கார்டு இதைப்போல இரண்டு மடங்கு கொடுக்கும், ஆனால் அந்தச் சமயத்தில் கடையில் கிடைத்தால்தானே! ஒன்று 36,000, இன்னொன்று 41,000 என்று நான்கு கடை ஏறி இறங்கி ஆறு சேர்த்தேன்.

மற்றதெல்லாம் சாதாரணம்தான். ஆறு ஸ்லாட் உள்ள பழைய பி250 போர்டு, செலரான் ஜி3930, 8 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி, 1000 வாட் கோல்டு பவர் சப்ளை. ஃபிரேமை அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறையில் எல் ஆங்கிள் வெட்டி ரிவெட் அடித்து வாங்கினேன். எல்லாம் சேர்த்து 2,75,000 ரூபாய். போர்டின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் 'அபவ் 4ஜி டிகோடிங்' என்பதை ஆன் செய்யும்வரை என் போர்டு நாலு கார்டுக்கு மேல் கண்டுகொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது.

முதல் வாரம் ஃபிரேமைத் தொட்டால் கையில் சுருக்கென்று இருந்தது. காலில் செருப்பு இல்லாவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். ஏதோ ஒரு கார்டில் கோளாறு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். கடைசியில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து டெஸ்ட் லேம்ப்பை லைனுக்கும் எர்த்துக்கும் வைத்தார். பல்பு எரியவில்லை. மாடி பிளக்குக்கு எர்த் ஒயரே இழுக்காமல் விட்டிருக்கிறார்கள். பவர் சப்ளையில் இயல்பாகக் கசிகிற கொஞ்ச கரண்ட்டும் போக வழியில்லாமல் ஃபிரேமிலேயே நின்றிருக்கிறது.

"எவ்வளவு இழுக்கும் தம்பி?" என்று கேட்டார்.

"700 வாட்டுக்குள்ளதாண்ணே. 3 ஆம்பியர்."

"ஆம்பியர் கம்மிதான். ஆனா ராப்பகலா ஓடுதுல்ல? பின்னு கொஞ்சம் லூசா இருந்தாலும் மெல்ல மெல்ல சூடேறி உருகிரும். மிக்ஸி அஞ்சு நிமிசம் ஓடுறதும் இதுவும் ஒண்ணா?"

மீட்டர் போர்டிலிருந்து எர்த்தோடு ஒரு தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், அதற்கென்று ஒரு எம்சிபி (சுமை மீறினால் தானே இறங்கும் சுவிட்ச்) போட்டுக் கொடுத்தார். 4,200 ரூபாய் ஆனது. மொத்தச் செலவிலும் மிக உருப்படியான செலவு அதுதான்.

அவர் சொன்னது சுவரில் இருக்கிற பிளக்குக்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன். ரிக்குக்குள்ளேயும் அதே கதைதான். கார்டைப் போர்டிலிருந்து தள்ளி வைக்க ரைசர் போடுவோம். பார்க்க யூஎஸ்பி கேபிள் மாதிரி ஒரு நீல ஒயர் இருக்கும், உள்ளே ஓடுவது போர்டும் கார்டும் பேசிக்கொள்ளும் பிசிஐ சிக்னல். ரைசருக்குத் தனியாக பவர் கொடுக்க வேண்டும், அதற்கென்று டப்பாவிலேயே ஒரு சாட்டா (ஹார்டு டிஸ்க்குக்கு பவர் கொடுக்கும் கனெக்டர்) கன்வர்ட்டர் ஒயர் வைத்திருப்பார்கள். அதைத் தூரப் போடுங்கள். சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் தாங்கத்தான் செய்யப்பட்டது. ஒரு கார்டு ஸ்லாட் வழியாக மட்டும் 75 வாட் வரை கேட்கலாம். கார்டே 80 வாட்டுக்குள்தான், அதிலும் பாதிக்கு மேல் கார்டின் 8 பின் பவர் கனெக்டர் வழியாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டு நான் ஒரே சாட்டா ஒயரில் மூன்று ரைசரை மாட்டியிருந்தேன். மூன்றின் சுமையும் ஒரே ஒயரில்தான் ஏறும் என்பதை யோசிக்கவில்லை.

பதினோராம் நாள் இரவு இரண்டரை மணி இருக்கும். மூன்று கார்டு ஆஃப்லைன் என்று போனில் செய்தி. மாடிக்கு ஓடிக் கதவைத் திறந்தால் மீன் கருகிய மாதிரி ஒரு வாடை. எம்சிபியை இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பு கனெக்டர் ஒரு பக்கம் வெல்லப்பாகு போல வழிந்து உறைந்திருந்தது. மஞ்சள் ஒயரின் தோல் பழுப்பேறி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. இரண்டடி தள்ளி அதே அறையில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டு அடுக்கி வைத்திருந்தோம். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. விடிந்ததும் முதல் வேலையாக மெத்தையை இறக்கினேன். புகை வந்தால் கத்துகிற அலாரம் ஒன்று வாங்கி மாட்டினேன். அப்புறம் எல்லா ரைசரையும் பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் 6 பின் கேபிளுக்கு மாற்றினேன், ஒரு கேபிளுக்கு இரண்டு ரைசர், அதற்கு மேல் இல்லை. அதன் பிறகு கடைசி நாள்வரை எந்த ஒயரும் கைக்குச் சூடாகத் தெரிந்ததில்லை.

சாஃப்ட்வேர் பக்கம் சொல்ல அதிகமில்லை. மைனிங்குக்கென்றே உள்ள ஹைவ்ஓஎஸ் என்ற ஓஎஸ் போட்டேன், கீபோர்டும் மானிட்டரும் தேவைப்படவில்லை. கணக்குப் போடும் கோரின் வேகத்தைக் குறைத்து, மெமரி வேகத்தை ஏற்றி, ஒவ்வொரு கார்டையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும். ஒரே மாடல், ஒரே பெட்டி, ஆனால் மெமரி சிப் வேறு கம்பெனி என்றால் தாங்குகிற அளவு மாறும். 31.4 மெகாஹாஷ் வருகிறதே என்று மெமரியை விளிம்பில் ஓட்டினால் மூன்று நாளுக்கு ஒருமுறை தொங்கும். 30.8-இல் நிறுத்தினால் மாதக்கணக்கில் அசையாது. நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

சூட்டைப் பற்றி நிறைய சொல்ல வேண்டும். என் ரிக் சுவர் மீட்டரில் 620 வாட் காட்டியது. உள்ளே போகிற கரண்ட் முழுக்கச் சூடாகத்தான் வெளியே வரும். கிட்டத்தட்ட ஓர் அயர்ன் பாக்ஸை இரவும் பகலும் எரியவிட்ட மாதிரி. 2021 மே மாதக் கத்தரி வெயிலில் மாடி அறை 46 டிகிரி ஆனது, கார்டுகள் 78-ஐத் தொட்டன. ஊரடங்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கக்கூடக் கடை இல்லை. பகல் 12 முதல் 5 வரை மொத்த ரிக்கையும் நிறுத்தி வைத்தேன். ஜூனில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஒன்றை வென்டிலேட்டரில் பொருத்தி, எதிர் ஜன்னலில் கொசுவலை அடித்து, இடையில் கார்டுகளை வரிசையாக வைத்தபின் 64-க்கு இறங்கியது. டேபிள் ஃபேன் எத்தனை வைத்தாலும் பிரயோஜனமில்லை, சூடான காற்றையே அது திருப்பித் திருப்பிச் சுற்றிவிடும். காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்துகிற நாள்தான் தூசி தட்டுகிற நாள். ப்ளோவர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா சுழலவிட்டால் பேரிங் போய்விடும்.

அடுத்தது கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு ரிக் மட்டும் 890 யூனிட் எடுத்தது. எங்கள் வீட்டுக்கு முன்பெல்லாம் 380 யூனிட், பில் 800 ரூபாய்க்குள். இரண்டும் சேர்ந்து 500-ஐத் தாண்டியதும் வீட்டு யூனிட்டுக்கான சலுகை விலையும் போய்விட்டது. 500-க்கு மேல் யூனிட் 6.60 என்ற அன்றைய கணக்கில் பில் 6,800-ஐத் தாண்டியது. ரிக்கின் செலவைக் கணக்குப் போடுபவர்கள் ரிக்கின் யூனிட்டை மட்டும் பெருக்கிப் பார்க்கிறார்கள். வீட்டு பில் ஏறியதையும் அதன் தலையில்தான் எழுத வேண்டும்.

வரவைச் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரலில் நாளுக்கு 0.007 எத்தர் (எத்தேரியத்தின் நாணயம்) வந்தது. அந்த ஆகஸ்ட் 5-இல் வந்த 'லண்டன்' என்ற எத்தேரியம் மென்பொருள் மாற்றத்துக்குப் பிறகு பரிவர்த்தனைக் கட்டணத்தில் ஒரு பகுதி மைனருக்கு வராமல் எரிக்கப்பட்டதால் (அழிக்கப்பட்டதால்) குறைந்தது. ஆட்கள் பெருகப் பெருக இன்னும் குறைந்து, 2022 ஆகஸ்டில் 0.0025. மொத்தம் இரண்டு எத்தருக்குச் சற்று மேல். அவ்வப்போது விற்றதில் 3,90,000 சொச்சம் கிடைத்தது, கரண்டுக்கு 54,000 போனது. வரி தனி. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம், மைனிங் சாதனங்களுக்குப் போட்ட பணத்தை அடக்கவிலையாகக் கழிக்க முடியாது என்று அரசு நாடாளுமன்றத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

2022 செப்டம்பர் 10-ஆம் தேதி தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தது. 1,000 யூனிட்டுக்கு மேல் யூனிட் 11 ரூபாய் என்றானது. அதே ஓட்டம் ஓடினால் அடுத்த பில் 9,500 வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன், அதற்குத் தேவை வரவில்லை. ஐந்தே நாளில், 15-ஆம் தேதி, எத்தேரியம் மைனிங்கையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியது. அன்று அரை நாள் லீவு போட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். பகல் 12.12. பலர் சேர்ந்து மைனிங் செய்யும் பூலில் இருந்து வேலை வருவது நின்றது. விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, அறை அமைதியானது. கீழேயிருந்து அம்மா, "கரண்டு போயிருச்சாடா?" என்று குரல் கொடுத்தார். 18 மாதத்தில் அந்த இரைச்சல் வீட்டுக்கே பழகிவிட்டிருந்தது.

மைனிங்கை விடாத எத்தேரியம் கிளாசிக் என்ற வேறு நாணயத்தை இரண்டு நாள் ஓட்டினேன். எல்லோரும் அங்கேயே போனதால் வரவு கரண்டுக்கே பத்தவில்லை. இன்று வீட்டுக் கரண்டில் கிராபிக்ஸ் கார்டு ரிக் கட்டலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாலு கார்டை ஒன்று 10,000 கணக்கில், மைனிங்கில் ஓடியது என்று சொல்லியே விற்றேன். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் மைனிங் கார்டு என்றாலே பயந்து ஓட வேண்டாம். குளிர்ச்சியாக, ஒரே சீரான சுமையில் ஓடிய கார்டு நன்றாகவே இருக்கும். ஆனால் விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள், பின்பக்கம் எண்ணெய் கசிந்திருக்கிறதா பாருங்கள், அரை மணி நேரம் ஒரு கேம் ஓட்டச் சொல்லுங்கள்.

மீதி இரண்டில் ஒன்று என் வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டரில், இன்னொன்று அக்கா பையனிடம். அவனுடையதில் ஒரு விசிறி போய் 350 ரூபாய்க்கு மாற்றினோம், தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவினோம். வேறு தொந்தரவு இல்லை. அந்த 16 ஆம்பியர் சாக்கெட்டில் இப்போது அம்மாவின் வாஷிங் மெஷின் ஓடுகிறது.