அடுப்பங்கரைச் சுவருக்குச் சுண்ணாம்பா, டைல்ஸா?

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் விறகடுப்பு இன்னும் எரிகிறது. அடுப்பைச் சுற்றி எப்போதோ பூசிய சிமெண்ட் கரியேறி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. விரலால் தேய்த்தால் வெள்ளையாக உப்பு ஒட்டியது.

டைல்ஸ் என்றால் வேலை சீக்கிரம் முடியும். எண்ணெய்ப் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். தினமும் சமைப்பவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் எங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியது. வாய்க்கால் ஓரத்து மண் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடியிலிருந்து ஈரம் ஏறும். டைல்ஸ் அதை வெளியே விடாது. ஈரம் இன்னும் மேலே ஏறி, பக்கத்துச் சுவரில் உப்பாகப் பூக்கும். அடுப்பு வாயருகே சூடு ஏறி இறங்க, டைல்ஸும் சுவரும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் நாளடைவில் கழன்றும் வரும்.

சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் வெளியேற வழி உண்டு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பது பழைய முறை. மெதுவாகத்தான் இறுகும், கைப்பழக்கம் உள்ள கொத்தனார் கிடைப்பதும் கஷ்டம். கரி படியும், சரி. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கத்தானே போகிறோம்?

விறகடுப்புக்கு நான் சுண்ணாம்பையே சொல்வேன். கேஸுக்கு மாறிவிட்ட, ஈரம் ஏறாத சுவருக்கு டைல்ஸ் போதும். எதுவானாலும், பழைய சிமெண்டைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு அப்புறம் கை வையுங்கள்.